வஸீம் தனியாகத் தூங்கக் கற்ற ஒன்பது நாள்

மொனஸ்தீர் நகரில் ஜீன்ஸ் தைக்கும் ஆலையிலிருந்து ரிஹாபுக்கு அழைப்பு வந்தபோது, ஏழு மாத மகன் வஸீம் அவள் கால்மேல் கிடந்தான். கால்களை நீட்டி, தலையணை வைத்து, அதில் பிள்ளையைக் கிடத்தி இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து மத்தியானத் தூக்கம் இப்படித்தான். முக்கால் மணி நேரம் ஆட்டினால் அரை மணி நேரம் தூங்குவான். கீழே இறக்கினால் அதுவும் போச்சு.

"பத்தாவது நாள் வேலைக்கு வந்துடணும். இல்லேன்னா வேற ஆளப் போட்டுருவோம்" என்றார் மேற்பார்வையாளர். மரத்துப்போன காலோடு ரிஹாப் சரி என்றாள்.

இரண்டு தெரு தள்ளி சுவாத் என்பவள் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். அவளிடம் போய்க் கேட்டாள்.

"பாக்குறேன். ஆனா கால்ல போட்டு ஆட்டுற கதையெல்லாம் இங்க நடக்காதும்மா. எனக்குக் காலு ரெண்டு, இவனோட சேத்தா புள்ளைங்க அஞ்சு. படுக்கையில விட்டா தானா தூங்கணும். பழக்கிட்டுக் கூட்டிட்டு வா."

"எப்படிக்கா பழக்குறது?"

"கண்ணு சொருகும் பாரு, அப்பவே கீழ போட்டுடு. அழுதா தட்டிக்குடு. தூக்காத. தினமும் அதே நேரம், அதே இடம்."

கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது. முதல் நாள் தொட்டிலில் கிடத்தியதும் வஸீம் சுடுதண்ணீர் பட்டவன்போல வீரிட்டான். இருபது நிமிஷம் தட்டினாள், முனகிப் பாடினாள், கடைசியில் அவளும் அழுதாள். அதிகாலையில் படகேறி அப்போதுதான் மீன்பிடித்துத் திரும்பியிருந்த அவள் கணவன் நவ்ஃபல் எழுந்துவந்து பிள்ளையைத் தூக்கினான்.

"ஏழு மாசப் புள்ளைக்குப் பரீட்சை வைக்கிறியா ரிஹாப்?"

அப்பன் நெஞ்சில் ஒட்டிய இரண்டாவது நிமிஷம் பிள்ளை தூங்கிப்போனான். ரிஹாபுக்குக் கோபப்படவும் தெம்பில்லை. குஸ்குஸ் சாப்பிட்டுக் கழுவாத தட்டைப் பார்த்தபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள் பதினோரு தடவை தூக்கினாள், பதினோரு தடவை கிடத்தினாள். இடுப்பு விட்டுப்போயிற்று. நான்காம் நாள், மாடிவீட்டு மன்னூபியா வந்து கதவை இடித்தாள். ஆறு பெற்றவள், அந்தக் கட்டடத்தில் யாரையும் கேட்டுப் பேசுகிறவள் இல்லை.

"அது உன் புள்ளையா, எங்கியாவது தூக்கிட்டு வந்ததா? இந்தக் கத்து கத்துது!"

"எனக்கு உடம்பெல்லாம் வலிக்குதுக்கா" என்று ரிஹாப் உடைந்துபோனாள். "ஏழு மாசமா ஒரு மத்தியானம் சாஞ்சதில்ல. இப்ப இவன் தூங்கப் பழகலேன்னா வேலையும் போயிடும்."

மன்னூபியா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். எண்ணெய் காணாத தலை, தப்பாகப் போட்ட பொத்தான். "நாளைக்கு நான் வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடியேறினாள்.

மறுநாள் காப்பியோடு வந்தாள். வஸீமைக் கிடத்தித் தட்டிக்கொடுத்ததும் ரிஹாபின் கையைப் பிடித்து இழுத்துப்போய் வாசற்படியில் உட்காரவைத்தாள்.

"அஞ்சு நிமிஷம். அப்புறம் போய்த் தட்டிட்டு வா. என் ஆறுல ஒண்ணக்கூட நான் கீழ போட்டுத் தூங்க வெச்சதில்ல. எழுந்து நிக்கணும்னா இன்னிக்கு என் முழங்கால்கிட்ட அனுமதி கேக்கணும்."

ரிஹாப் இரண்டு முறை போய்த் தட்டிவிட்டு வந்தாள். காப்பி ஆறிப்போயிற்று. அப்புறம் அழுகை மெலிந்து, விக்கலாகி, நின்றேவிட்டது.

"ஐயோ, மூச்சு விடறானா?" என்று பதறி உள்ளே ஓடினாள். கதவு கிரீச்சிட்டது. வஸீம் கண்ணைத் திறந்து பார்த்தான். பழையபடி ஊரைக் கூட்டினான்.

மன்னூபியா தலையில் அடித்துக்கொண்டாள். "அவன் கத்துக்கிட்டான்டி! நீதான் இன்னும் கத்துக்கல!"

எத்தனையோ நாளைக்கப்புறம் ரிஹாப் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

அன்று சாயங்காலம் நவ்ஃபல் கதவின் கீலுக்கு ஆலிவ் எண்ணெய் விட்டான். ஏழாம் நாள் வஸீம் சிணுங்கினான், தலையை இப்படியும் அப்படியும் உருட்டினான், இரண்டு விரலை வாயில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனான். யாரும் தட்டவில்லை. ரிஹாப் கட்டிலில் போய் விழுந்தாள். தூக்கம் வரவில்லை. கால்கள் தாமாகவே இடமும் வலமும் ஆடிக்கொண்டிருந்தன.

எட்டாம் நாள் பல் முளைக்கிற வலியில் எல்லாம் குட்டிச்சுவர். ஒன்பதாம் நாள் கால் மணி நேரத்தில் தூங்கினான்.

பத்தாம் நாள், ஆலையின் சாப்பாட்டு நேரத்தில் சுவாதுக்குப் போன் போட்டாள்.

"போட்டதும் தூங்கிட்டான். பக்கத்துல ரெண்டு வாண்டு சண்டை போட்டுதுங்க, அசையலியே!"

"என்னத் தேடலியாக்கா?"

"தேடலம்மா. நீ நிம்மதியா சாப்பிடு."

அரிசா என்ற மிளகாய் விழுதும் சூரைமீனும் வைத்த ரொட்டி கையில் அப்படியே இருந்தது. ஒன்பது நாள் அவள் கேட்டு அழுதது இதைத்தான். கிடைத்தபோது ரொட்டியைக் கடிக்காமலே சுற்றி வைத்தாள்.

மூன்று வருஷம் கழித்து மகள் யும்னா பிறந்தபோது, ரிஹாப் மூன்றாம் மாதத்திலேயே கண் சொருகும் நேரம் பார்த்துக் கீழே போடத் தொடங்கினாள். களைப்பென்னவோ குறையவில்லை. ஆனால் மத்தியானத்தில் அவளுக்கென்று அரை மணி நேரம் மிஞ்சியது. என்னென்னவோ செய்ய நினைப்பாள். பெரும்பாலும் தூங்கிப்போய்விடுவாள்.