இரண்டு பஸ் தள்ளி ஒரு தெருமுனை

அமெரிக்காவில், போர்ட்லண்ட் நகரத்தின் வடகிழக்கில் எங்கள் பள்ளிக்கூடத்து முனையில் வெர்லீன் மேஃபீல்ட் இருபத்து மூன்று வருஷம் நின்றாள். ஆரஞ்சுச் சட்டையும் கையில் சிவப்புப் பலகையுமாக, கார்களை நிறுத்திப் பிள்ளைகளைத் தெருவைக் கடக்க வைப்பது அவள் வேலை. நான் அதே பள்ளியின் சமையலறையில் இருந்தேன். காலையில் ஜன்னலைத் திறந்தால் அவள் குரல்தான் முதலில் வரும்.

"ஏய், ஷூ லேஸைக் கட்டு! விழுந்து பல்லு போச்சுன்னா உங்கம்மா என்னைத்தான் பிடிப்பா."

அந்த அம்மாவையும் ஒரு காலத்தில் அவள்தான் கடக்க வைத்திருப்பாள்.

முனை வீட்டில் ஆர்லிஸ் பெட்வே இருந்தார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை. தினமும் காபிக் கோப்பையோடு வேலியருகே வந்து நிற்பார்.

"மிஸ் வெர்லீன், பலகை உங்களைவிட ஒசரமா இருக்கு. காத்துல பறந்துடாதீங்க."

"மொதல்ல ரெண்டு கால்லயும் ஒரே ஜோடி செருப்பு போட்டுட்டு வாங்க, மிஸ்டர் பெட்வே. அப்புறம் என்னைப் பத்திப் பேசலாம்."

அதற்கு மேல் அந்தப் பேச்சு வளர்ந்ததில்லை. நாங்கள்தான் சமையலறையில் வளர்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு தெரு மாற ஆரம்பித்தது. முடிதிருத்தும் கடை போய், அந்த இடத்தில் நாய்களுக்குப் பிறந்தநாள் கேக் விற்கும் கடை வந்தது. ஆர்லிஸின் வீடு அவர் அப்பா பெயரில் இருந்தது. விலை ஏறியதும் வெளியூரில் இருந்த அண்ணன் தம்பிகள் விற்றாக வேண்டும் என்றார்கள். அவர்கள் பங்கை வாங்க இவருக்கு வழியில்லை. கோடை விடுமுறை முடிந்து நாங்கள் திரும்பியபோது வீட்டையே காணோம். சாம்பல் நிறத்தில் மூன்று மாடி எழும்பிக்கொண்டிருந்தது.

"அவரு எங்க போனாருன்னு உனக்குத் தெரியுமா?" என்று வெர்லீன் ஒரே ஒரு முறை கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. "சும்மாதான் கேட்டேன்" என்று போய்விட்டாள்.

அடுத்த வசந்தத்தில் அவள் குடியிருந்த கட்டிடமும் கைமாறியது. காலி செய்யத் தொண்ணூறு நாள் கொடுத்தார்கள். நகரத்தின் கிழக்குக் கோடியில்தான் அவளால் கொடுக்க முடிந்த வாடகைக்கு இடம் கிடைத்தது. இரண்டு பஸ், ஒன்றரை மணி நேரம். அங்கேயே பக்கத்துப் பள்ளியில் ஒரு முனை தருகிறோம் என்றார்கள் பள்ளி நிர்வாகத்தில். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. இங்கே வந்த புதுப் பிள்ளைகளின் பெயரையெல்லாம் அக்டோபருக்குள் மனப்பாடம் செய்துவிட்டாள்.

ஒரு நாள், தள்ளுவண்டியோடு வந்த ஓர் இளம் தாய் கேட்டாள்: "நீங்க பக்கத்துலதான் இருக்கீங்களா?"

"இருந்தேன். உங்க வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி."

அந்தப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது.

"உங்க மேல கோவம் இல்லம்மா. குழந்தையோட குல்லாயை இழுத்து விடுங்க, காது தெரியுது."

சமையலறைக்கு வந்து கையைக் கழுவியவள், வெகுநேரம் குழாயை மூடவில்லை. "கோவம் இல்லன்னு சொல்லிட்டேன்" என்றாள். "இருக்கு. அந்தக் குழந்தை மேல இல்ல, அவ்வளவுதான்."

ஜனவரியில், பனியும் மழையுமாகக் கொட்டிய ஒரு செவ்வாய்க்கிழமை, முதல் பஸ்ஸில் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "மிஸ் வெர்லீன், பஸ்ஸை நிறுத்தவும் பலகை வேணுமா?"

ஆர்லிஸ். அவள் நிறுத்தத்துக்கு நாலு நிறுத்தம் முன்னால் குடியிருக்கிறார். எங்கள் பழைய பேட்டையில் இருந்த சர்ச்சில் செவ்வாய்தோறும் வயதானவர்களுக்குக் காலை உணவு போடுவார்கள். அதற்குப் போய்க்கொண்டிருந்தார்.

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

"வெக்கமா இருந்துச்சு. அப்பா கட்டின வீட்டைக் காப்பாத்தத் துப்பில்லாதவன் உங்க முன்னால எந்த மூஞ்சியோட வந்து நிப்பேன்?"

வெர்லீன் பக்கத்து இருக்கையில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் வந்து உட்கார்ந்தார்.

செவ்வாய் மட்டும் வந்தவர் பிறகு தினமும் வர ஆரம்பித்தார். "அவருக்கு இங்க தினமும் என்ன வேலை?" என்று வெர்லீனைக் கேட்டேன். "பஸ் ஒழுங்கா ஓடுதான்னு பாக்க வர்றாராம்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

ஜூன் மாதம் அதே சர்ச்சில் கல்யாணம். மணப்பெண்ணுக்கு அறுபத்திரண்டு, மாப்பிள்ளைக்கு அறுபத்தெட்டு. சர்ச் நிரம்பி வழிந்தது. பாதிரியார் மேடையில் ஏறி, "வீட்லேருந்து நடந்து வந்தவங்க கை தூக்குங்க பாப்போம்" என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றே கைகள். மற்றவர்களெல்லாம் இந்தப் பேட்டையைக் காலி செய்துவிட்டுப் போனவர்கள். அதில் ஒன்று என்னுடையது. முதலில் யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லாரும் சிரித்தோம். வெர்லீன் மட்டும் அழுதாள். ஆர்லிஸ் கைக்குட்டையைத் தேடிக் கிடைக்காமல், தன் கோட்டின் கைப்பகுதியையே நீட்டினார். அவள் அதிலேயே துடைத்துக்கொண்டாள்.

மேலும் இரண்டு வருஷம் வேலை பார்த்தாள், முழங்கால் ஒத்துழைத்தவரை. போன வருஷம் நானும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடிபோய்விட்டேன். சமீபத்தில் அவர்களைப் பார்க்கப் போயிருந்தேன். ஆர்லிஸ் மீன் பொரித்துக்கொண்டிருந்தார்.

"இந்த இடம் பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன்.

"இன்னும் முடிவு பண்ணல" என்றாள் வெர்லீன். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "தீயைக் குறைங்க, கருகுது!" என்று கத்தினாள்.