அட்டையில் நாலு மாத்திரை

மருந்துக் கடையில் நிற்கிறவர்கள் ஒரு நாளில் அதிகம் சொல்லும் வார்த்தை ‘சாப்பிட்ட பிறகு’ என்பதுதான். அந்தப் பழக்கத்தைக் கெடுப்பது எலும்பு பலவீனத்துக்கான வாராந்திர மாத்திரை. வாரத்தில் ஒரே நாள், காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்க வேண்டும். பிறகு அரை மணி நேரம் படுக்கக் கூடாது, குனியக் கூடாது, காபி டம்ளரைத் தொடக் கூடாது. மாதவிலக்கு நின்றுபோன தோழிகள் பலருக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மஸ்கட்டில் இருபது வருஷம் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருந்துவிட்டு வந்து கோவளத்தில் கடை போட்டிருக்கிறேன். நாற்பத்தெட்டு வயதில் நானும் உங்கள் வரிசையில்தான் நிற்கிறேன்.

காபி இல்லாத காலை

கல்பாக்கத்தில் விஞ்ஞானியாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் மனைவிக்காக இந்த மாத்திரையை வாங்கிப் போனார். அடுத்த மாதம் இருவரும் சேர்ந்து வந்தார்கள். அரை மணி என்றால் முப்பது நிமிஷமா, ஏறத்தாழவா என்று அவர் கேட்டார். செல்போனில் மணி அடிக்க வைத்து, மனைவியை நாற்காலியில் உட்கார்த்தி, எதிரிலேயே காவல் இருக்கிறாராம். அந்த அம்மாவிடம், உட்கார்ந்தே இருப்பது சிரமமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

“கல்யாணம் ஆகி முப்பத்தோரு வருஷம். காலையில யாருக்கும் காபி போடாம நான் உக்கார்றது இதான் முதல் தடவை. வாரத்துல இன்னும் ரெண்டு நாளைக்கு எழுதித் தரச் சொல்லுங்களேன்.”

எந்தக் கிழமை

ரெஜினா மீன் விற்கிறவர். சரோஜா, பாத்திமா, செல்வி என்று இன்னும் மூன்று பேரோடு தினமும் ஒரே ஷேர் ஆட்டோவில் கூடை ஏற்றிப் போவார். நால்வருக்கும் ஐம்பத்தைந்தை ஒட்டிய வயது. வழுக்கி விழுந்து கையை ஊன்றியதில் ரெஜினாவின் மணிக்கட்டு உடைந்தது. செங்கல்பட்டில் எலும்பு ஸ்கேன் எடுத்தார்கள். இன்னொரு தடவை விழுந்தால் இடுப்பு போய்விடும், அப்புறம் கூடை தூக்க முடியாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் வீட்டில் வேறு சம்பாத்தியம் இல்லை.

ஒரு அட்டையில் நாலு மாத்திரை, நாலு வாரத்துக்கு. எந்தக் கிழமை வசதி என்று கேட்டேன். வேலை நாளில் கரைக்குப் போனதும் முதல் வேலை டீ. அது இல்லாமல் கூடையில் கை வைக்க முடியாது என்றார். கொஞ்சம் யோசித்து அவரே வழி சொன்னார்.

“ஞாயித்துக்கெழம வச்சிக்கலாம்மா. சர்ச்சுல பூசை முடிஞ்சி நன்மை அப்பம் வாங்கறவரைக்கும் எப்டியும் வெறும் வயிறுதான். மாத்திரையும் ஆண்டவரும் ஒண்ணா உள்ள போவட்டும்.”

என் பங்கு

மாதம் தவறாமல் ரெஜினா வந்தார். நாலு வாரத்துக்கு ஒரு அட்டை, ஒரு நாள் பிசகாது. மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிற மற்றவர்களிடம் அவரைத்தான் உதாரணம் காட்டுவேன். ஒரு வருஷம் கழித்து எடுத்த ஸ்கேனில் எலும்பின் அடர்த்தி இன்னும் இறங்கியிருந்தது. உடம்பு வாகு என்று நினைத்துக்கொண்டேன்.

ரம்ஜான் நோன்பு தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னால் பாத்திமா கடைக்கு வந்தார். அவருக்கு நான் எந்த மாத்திரையும் கொடுத்ததில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் ஒரு சந்தேகம் கேட்டார்.

“நோம்பு வருதும்மா. அந்த எலும்பு மாத்திர, மாசம் ஒண்ணு என் பங்கு கீதுல்ல, அத விடியக்காலம் சஹர் சாப்பாட்டுக்கு முன்னாடி போடணுமா, பின்னாடியா?”

இரும்பா

மாதாமாதம் அட்டை வாங்கியதும் வரும் முதல் ஞாயிறு நால்வரும் கரையில் கூடி ஆளுக்கொன்று விழுங்கிவிட்டு, அரை மணி நேரம் நின்றபடியே பேசிக்கொண்டிருப்பார்களாம். நான் சொல்லிக்கொடுத்த எல்லா விதியும் சரியாக நடந்திருக்கிறது. ரெஜினாவுக்கு மட்டும் நாலு வார மருந்தில் ஒரு வார மருந்துதான் போயிருக்கிறது.

அவரைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டேன். ஸ்கேன் எடுக்காதவர்களுக்கு மருந்து கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்றேன். அவர் சண்டைக்கு வரவில்லை. டீ, பன், வெத்திலை என்று எதுவானாலும் நாலாகப் பிரித்தே பழகியவர். என் கோபம்தான் அவருக்குப் புரியவில்லை.

“நாலு பேரும் ஒரே வயசு, ஒரே கூடை. எனக்கு மட்டும் எலும்பு உளுத்துப் போச்சு, அவளுங்களுது இன்னா இரும்பா?”

சரோஜா கேட்டது

அதற்குப் பிறகு ரெஜினா வாரம் ஒன்றாக ஒழுங்காகச் சாப்பிட்டார். மூன்றாவது மாதம் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது கால் மடங்கி விழுந்தார். டாக்டர் பயந்த அதே இடுப்புதான். அறுவை சிகிச்சை நடந்தது.

மறுநாள் மற்ற மூவரும் கடைக்கு வந்தார்கள். வழக்கமாக மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். அன்று பாத்திமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், செல்வி அழுதுகொண்டிருந்தார். எலும்பு பல வருஷமாகக் கரைகிறது, ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தாலும் உடைந்திருக்கலாம் என்று சொன்னேன். அது உண்மைதான். உடையாமலும் இருந்திருக்கலாம், அதுவும் உண்மை, அதை நான் சொல்லவில்லை. ஆனால் சரோஜா நேராக என் முகத்தைப் பார்த்தார்.

“மறைக்காத சொல்லும்மா. அவ எலும்ப நாங்கதான் துன்னுட்டமா?”

பத்தல

மூவரையும் நானே செங்கல்பட்டுக்கு அழைத்துப்போய் ஸ்கேன் எடுக்க வைத்தேன். சரோஜாவுக்கும் பாத்திமாவுக்கும் ரெஜினாவின் நிலைமைதான், கொஞ்சம் முன்கட்டம். செல்விக்குக் கவலை இல்லை. இருவருக்கும் டாக்டர் தனித்தனியாக மருந்து எழுதினார்.

முடிவைச் சொல்ல ரெஜினா வீட்டுக்குப் போனேன். வாக்கரைப் பிடித்து வாசல் வரை வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். இனிமேல் கூடை இல்லை. மூவரும் தங்கள் கூடையிலிருந்து கொஞ்சம் மீனை அவர் வாசலில் இறக்கிவிட்டுப் போகிறார்கள், உட்கார்ந்தபடியே விற்கிறார். ஒரு வருஷமாக அட்டையைக் கொடுத்தேன், யார் சாப்பிடுகிறார்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, என்னை மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இருவருக்கும் எலும்பு பலவீனம் என்ற செய்தியிலேயே நின்றிருந்தார்.

“பாத்தியா, நான் அப்பவே சொன்னேன். பங்கு வச்சது தப்பு இல்லம்மா. மாத்திர பத்தல, அவ்ளோதான்.”

இப்போதெல்லாம் எலும்பு மாத்திரை வாங்க வருகிறவர்களிடம் வீட்டில் எத்தனை பெண்கள், வேலையில் கூட எத்தனை பேர் என்று விசாரித்த பிறகே அட்டையைக் கொடுக்கிறேன், அதற்கு ஒரு அம்மா போன வாரம் ரேஷன் கார்டை எடுத்து நீட்டினார்.