ஊசியை நிறுத்திய மாதம்

போன மாதம் அப்பாவுக்கு ஊசியை நிறுத்தினார்கள். மறுநாளே உறவினர்கள் ஆரஞ்சும் பிஸ்கட்டுமாக எருத்தேன்பதியில் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்துவிட்டார்கள்.

புராஸ்டேட் புற்றுநோய். கோவை டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார்: ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது, இப்போதைக்கு ஊசி வேண்டாம், மாதாமாதம் ரத்தம் பார்ப்போம், நோயைக் காட்டும் அளவு ஏறினால் மறுபடி போடலாம். ஆனால், எங்கள் பக்கம் மருந்தை நிறுத்தினால் ஒரே அர்த்தம்தான் – கைவிட்டுவிட்டார்கள்!

அத்தை வாசலிலேயே அழுதார். அப்பாவும் நம்பிவிட்டார். எந்த வால்வைத் திறந்தால் எந்தத் தென்னை வரிசைக்குத் தண்ணீர் போகும் என்று அம்மாவுக்குச் சொல்லித்தர ஆரம்பித்தார். எனக்கு எதற்கு அதெல்லாம் என்று அம்மா எழுந்து போய்விட்டார்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? என் ஆராய்ச்சியே இதுதான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். புற்றுநோய் எப்படி உருமாறி வளர்கிறது என்பதைச் சமன்பாடுகளாக எழுதுகிறேன். ஊருக்கு நான் கணக்கு டீச்சர். அப்படியில்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

லீவு போட்டு ஊருக்குப் போய், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினேன். கட்டிக்குள் மருந்துக்கு அடங்கும் செல்களும் உண்டு, அடங்காதவையும் உண்டு. விடாமல் மருந்து கொடுத்தால் அடங்குபவை செத்துப்போகும். அடங்காதவற்றுக்கு மொத்த இடமும் சொந்தம். கொஞ்சம் நிறுத்தினால்... அடங்குபவையும் வளர்ந்து, மற்றவற்றுக்கு இடம் விடாமல் நெருக்கும். இந்த வழி எல்லாருக்கும் பொருந்தாது. அப்பாவுக்குப் பொருந்தும் என்று டாக்டர் நினைக்கிறார்.

லேப்டாப்பில் நான் காட்டிய வளைகோட்டை அவர் பார்க்கவே இல்லை. என் முகத்தைத்தான் பார்த்தார்.

“உங் கணக்கு தப்பிப்போச்சுன்னா, கண்ணு?”

கருத்தரங்குகளில் யார் யாரோ கேட்ட கேள்வி. அங்கே பதில் சரளமாக வரும். இங்கே லேப்டாப்பை மூடினேன். தப்பாது என்று சொல்லியிருந்தால் அன்று நன்றாகத் தூங்கியிருப்பார். ஆனால் அப்பாவிடம் எப்படிப் பொய் சொல்வது?

“தப்பலாமுங்கப்பா. அதுக்குத்தான் மாசாமாசம் ரத்தம் பாக்கறது. தப்புனா உடனே தெரிஞ்சுக்கலாம்... மாத்திக்கலாமுங்க.”

அப்பா என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“நீயும் பாப்பியா?”

“பாப்பேனுங்க.”

அவ்வளவுதான். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

போன வாரம் கொழிஞ்சாம்பாறை லேபுக்குத் தனியாகவே பஸ் ஏறிப் போய் ரத்தம் கொடுத்திருக்கிறார். ரிப்போர்ட் ரெண்டு காப்பி வேண்டும் என்றாராம். எதற்கு என்று கேட்ட லேப் பெண்ணிடம் அவர் சொன்ன பதிலை, அம்மா போனில் சிரித்துக்கொண்டே சொன்னார்:

“ஒண்ணு டாக்டருக்கு. இன்னொண்ணு எம் புள்ளைக்கு. அது தங் கணக்கைச் சரி பாக்கோணுமுங்க.”

இந்த மாதம் அளவு ஏறவில்லை. என்றாவது ஏறினால்... எங்களுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும்!