நான் சிரிக்கவே இல்லை

படத்தில் இரண்டாவது வரிசையில் இடப்பக்கமாக நின்றவள் நான். வாய் திறந்திருந்தது. பல் தெரிந்தது. கண் கேமராவைப் பார்க்காமல் ஒருபக்கமாகப் போயிருந்தது. பார்த்தவர்கள் அத்தனை பேரும் அதைச் சிரிப்பு என்றார்கள். நான் சிரிக்கவில்லை என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டைதான் வறண்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், மலாயாவில் பாலோ என்ற ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நானும் என் புருஷனும் பட்டையைக் கீறிப் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தோம். எனக்கு இருபது வயது இருக்கும். மகன் எட்டு மாதக் குழந்தை. தோட்டத்துப் பெரிய துரை வேலையை முடித்துக்கொண்டு சீமைக்குத் திரும்பவிருந்தார். போவதற்குமுன் ஆட்களோடு சேர்ந்து ஒரு படம் பிடித்துக்கொள்ள ஆசைப்பட்டார். குளுவாங்கில் படக்கடை வைத்திருந்த ஜப்பான்காரர் மறுநாள் வருவார், பாலை நிறுத்துக் கொடுத்தபின் யாரும் லயத்து வீடுகளுக்குப் போகாமல் பால் ஸ்டோருக்கு முன்னாலிருக்கும் திடலில் வந்து நிற்க வேண்டும் என்று கங்காணி உத்தரவு போட்டார்.

படம் பிடிக்கும் அன்று விடியற்காலையிலேயே குழந்தைக்கு உடம்பு சுட்டது. வேலைக்கு வராவிட்டால் அன்றைய பேர் விழாது, கூலியும் கிடையாது. அதனால் தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகையில் அவனைக் கிடத்தினேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயா, கங்காணியின் மாமியார். காய்ச்சல் ஏறினால் எனக்கு ஆள் அனுப்பும்படி அவரிடம் கேட்டுக்கொண்டேன். தலையை ஆட்டினார். மரம் வெட்டும்போதும் பால் எடுக்கும்போதும் என் மனம் அந்தக் கொட்டகையில்தான் கிடந்தது. மார்பில் பால் கட்டி ரவிக்கை நனைந்துவிட்டது. பாலை நிறுத்துக் கொடுத்ததும் ஓடிவிடலாம் என்று பார்த்தால், எல்லாரையும் ஆடு மாதிரித் திடலுக்கு ஓட்டினார்கள்.

உச்சி வெயில். துரை நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், காலடியில் அவருடைய நாய். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிமார் இரண்டு பக்கமும் நின்றார்கள். எங்களை உயரம் பார்த்து நிறுத்தினார்கள், மாற்றினார்கள், மறுபடியும் நிறுத்தினார்கள். நான் கங்காணியிடம் போய், பிள்ளைக்குக் காய்ச்சல், ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று கேட்டேன்.

"படம் முடியட்டும். உன் ஒருத்திக்காகத் துரை காத்துக்கிட்டு இருப்பாரா?" என்றார்.

ஜப்பான்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தார். கையில் கேமராவிலிருந்து குழாயில் தொங்கிய ஒரு ரப்பர் பந்தைப் பிடித்துக்கொண்டு, யாரும் அசையக்கூடாது என்று மலாயில் சொன்னார். அந்த நேரத்தில்தான் என் பிள்ளை அழும் சத்தம் கேட்டது. பெற்றவளுக்குத் தன் பிள்ளையின் குரல் தெரியாதா? அது பசி அழுகை இல்லை. கீச்சென்று ஆரம்பித்துப் பாதியிலேயே அறுந்த அழுகை. நான் கொட்டகைப் பக்கம் திரும்பி ஆயாவைக் கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் ஜப்பான்காரர் பந்தை அமுக்கிவிட்டார்.

படம் விழும் கண்ணாடியில் இரண்டாவதைச் செருகி மறுபடி எடுக்கப் போனபோது நான் வரிசையை விட்டு ஓடினேன். பின்னால் கங்காணி வைதது கேட்டது. கொட்டகையில் ஆயா இல்லை. பின்பக்கம் அடுப்பில் தன் வீட்டுக்குக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைக்குக் கண் செருகி, கைகால் இழுத்துக்கொண்டிருந்தது. தூக்கிக்கொண்டு, தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசர் அறைக்கு ஓடினேன். டிரெசர் ஈரத்துணி போட்டார், மருந்து புகட்டினார். சாயங்காலம்தான் அவன் கண் திறந்து என்னைப் பார்த்தான். என் உயிர் அப்போதுதான் எனக்குத் திரும்பியது.

சில வாரங்கள் கழித்து, படம் பெரிய சட்டம் போட்டு ஆபீஸ் வராந்தாவில் மாட்டப்பட்டது. சம்பள நாளில் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் அதன்முன் மொய்த்தார்கள். எங்களில் பலர் தங்கள் முகத்தைக் கைக்கண்ணாடியில் துண்டு துண்டாகப் பார்த்தவர்கள்தான். ஒரு கிழவர் இது நானில்லை என்று சாதித்தார். ஒரு பெண் தன் காது இவ்வளவு பெரியதா என்று வருத்தப்பட்டாள். அதுவரைக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது. பிறகு, எங்கள் லயத்திலேயே குடியிருந்த ஒருத்தி என் முகத்தின்மேல் விரலை வைத்தாள்.

"எல்லாரும் கருமாதிக்கு வந்த மாதிரி நிக்கிறாங்க. இவ மட்டும் எங்கயோ பார்த்துச் சிரிக்கிறா பாரு."

எந்தப் பக்கம் பார்க்கிறாள் என்று இன்னொருத்தி கேட்டாள். அந்தப் பக்கம் அன்றைக்கு லோரி நின்றது என்று யாரோ ஞாபகப்படுத்தினார்கள். லோரி படத்தில் இல்லை. ஆனால் அவர்கள் மனத்தில் அது வந்து நின்றுவிட்டது. லோரியில் சாய்ந்துகொண்டு அதன் டிரைவரும் வந்து நின்றுவிட்டான். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன், கல்யாணம் ஆகாதவன், தலையை வகிடெடுத்துச் சீவி எந்நேரமும் பாட்டு முணுமுணுப்பவன். திடலுக்கும் ஆயாக்கொட்டகைக்கும் நடுவே அவன் லோரியை நிறுத்தியிருந்தான். நான் செய்த பாவம் அவ்வளவுதான்.

அதே நாளில் துரை வராந்தாவுக்கு வந்தார். படத்தில் என்னைக் காட்டி, பிறகு என்னையே காட்டி, கிராணியிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். என் முகத்தில்தான் தோட்டத்துச் சந்தோஷம் தெரிகிறதாம். இந்தப் படத்தைச் சீமையில் தன் வீட்டுச் சுவரில் மாட்டப் போகிறாராம். கிராணி எனக்கு அதைத் தமிழில் சொன்னபோது, நான் விடவில்லை. பிள்ளையைப் பார்க்க விடும்படி கேட்டேன், கங்காணி விடவில்லை, அவன் அழுதான், நான் ஆயாவைக் கூப்பிட்டேன், இது சிரிப்பில்லை என்று துரையிடம் சொல்லும்படி கேட்டேன். கிராணி இரண்டே வார்த்தை பேசினார். துரை தலையசைத்துப் புன்னகை செய்துவிட்டு உள்ளே போனார்.

"என்னய்யா சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"ரொம்ப சந்தோஷம்னு சொன்னேன். அவர் ஊருக்குப் போற நேரத்துல உன் அழுகையெல்லாம் அவருக்கு எதுக்கு?"

என் முகம் என்ன சொன்னது என்பதை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். என் வாய் சொன்னதையும் கிராணி எடுத்துக்கொண்டார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது என் புருஷன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்.

"யாரப் பார்த்துச் சிரிச்ச?"

நடந்ததை எல்லாம் மறுபடியும் சொன்னேன். பிள்ளைக்கு இழுப்பு வந்தது அவருக்கே தெரியும். அன்று சாயங்காலம் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதவர்தான். ஆனால் பிள்ளை அழவே இல்லை, தூங்கிக்கொண்டிருந்தான், இவளாக ஓடிவந்து தூக்கினாள் என்று ஆயா ஊரெல்லாம் சொல்லியிருந்தார். குழம்பு வைக்கப் போனது வெளியே தெரிந்துவிடுமே என்ற பயம். நான் ஓடியதைத் திடலில் நின்ற அத்தனை பேரும் கண்ணால் பார்த்தார்கள். கேட்டால், லோரிப் பக்கம் ஓடினாள் என்றார்கள். லோரியைத் தாண்டி ஓடியதை ஒருவரும் பார்க்கவில்லை போலிருக்கிறது.

டிரைவராவது வாயைத் திறந்து, அவள் என்னைப் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். என் புருஷன் அவனிடம் கேட்கவும் செய்தார். அவன் மீசையைத் தடவிக்கொண்டு, "அது எனக்கு எப்படிண்ணே தெரியும்?" என்றானாம். ஒரு பெண் தன்னைப் பார்த்துச் சிரித்தாள் என்று நாலு பேர் பேசுவது அவனுக்கு இனித்தது. அந்தப் பேச்சு என் வீட்டுக்குள் என்ன செய்யும் என்று அவன் ஏன் யோசிக்கப் போகிறான்?

பிறகு என் பிள்ளையின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். மூக்கு யாரைப்போல, நெற்றி யாரைப்போல என்று. அந்த டிரைவர் தோட்டத்துக்கு வந்தே மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. எட்டு மாதப் பிள்ளையின் மூக்கில் அவனைத் தேடினார்கள். என் புருஷனும் ஒருநாள் விளக்கைத் தூக்கிப் பிடித்து, தூங்குகிற பிள்ளையின் முகத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கைப் பிடுங்கி ஊதி அணைத்தேன். அடித்தார். அன்றைக்குத்தான் முதல்முறை.

எங்கள் தோட்டத்து மரக்காட்டின் ஓரத்தில் ஒரு கறையான் புற்று இருந்தது. பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு பெண் காலை மடக்கி உட்கார்ந்திருப்பது போல இருக்கும். யாரோ ஒருவர் அதில் அம்மனைக் கண்டார். மறுநாளே மஞ்சள் பூசி, சிவப்புத் துணி கட்டி, வெள்ளிக்கிழமை தவறாமல் கற்பூரம் காட்டத் தொடங்கினோம். நானும் கும்பிட்டவள்தான், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இந்தப் பேச்சு கிளம்பியபின் ஒரு வெள்ளிக்கிழமை, என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் பெண்கள் கற்பூரம் காட்டியபோது, எனக்கு வயிறு எரிந்தது. கறையான் கட்டிய மண்ணில் தாயைப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு, பிள்ளை அழுகிறதென்று வாயைத் திறந்தவளின் முகத்தில் தாய் தெரியவில்லை. அன்றோடு அந்தப் புற்றின் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன்.

படம் பிடித்தவரைக் கேட்கலாம் என்று என் புருஷனிடம் நான்தான் சொன்னேன். நான் ஓடியபோது இரண்டாவது கண்ணாடி அவர் பெட்டியில் இருந்தது. அதில் நான் எங்கே ஓடினேன் என்பது விழுந்திருக்கும். கூட வருவதற்கு என் புருஷனுக்கு இஷ்டமில்லை. நீங்கள் வராவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போவேன், திரும்பி வரமாட்டேன் என்றேன். ஓய்வு நாளில் பாலோவில் ரயிலேறிக் குளுவாங் போனோம்.

படக்கடை சிறியது. சுவரில் தெரியாத பணக்காரர்களின் முகங்கள். ஜப்பான்காரர் என்னைப் பார்த்ததும் முகம் சுளித்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்த கடைத்தெருப் பசார் மலாயில், அந்த இரண்டாவது படம் வேண்டும் என்று கேட்டேன். அவர் கையை விரித்தார். கெட்டுப்போன கண்ணாடி, அதைச் சுரண்டிக் கழுவி வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டாராம். நான் கையோடு கொண்டுபோக நினைத்த ஒரே சாட்சி அழிந்துவிட்டது.

அவருக்கோ என்மேல் இன்னும் கோபம் தீரவில்லை. என் புருஷன் பக்கம் திரும்பி முறையிட்டார்.

"அனாக் மெனாங்கிஸ், டியா லாரி. சாயா பூஞா காச்சா ரோசாக்." பிள்ளை அழுதது, இவள் ஓடினாள், என் கண்ணாடி பாழ். முதல் படத்திலும் இவள் வாயைத் திறந்து கத்தினாள், அதைச் சொன்னபோது துரை பரவாயில்லை, சிரிக்கிற மாதிரிதான் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார் என்றும் சொன்னார்.

என் புருஷன், பிள்ளை அழுத சத்தம் உங்களுக்குக் கேட்டதா என்று கேட்டார். அவர் தன் காதைத் தொட்டுக் காட்டினார். இது என்ன கேள்வி என்பதுபோல் பார்த்தார்.

அவ்வளவுதான். என் புருஷனின் முகம் தொங்கிப்போனது. என் தோளிலிருந்த பிள்ளையை வாங்கிக்கொண்டார். ஸ்டேஷனில் தேத்தண்ணி வாங்கி வந்து என்முன் நீட்டினார். நான் வாங்கவில்லை.

"இனிமே அத விட்டுரு," என்றார்.

"நான் சொன்னப்ப ஏன் நம்பல?"

"படத்துல அப்படித்தானே இருந்துச்சு."

"படத்துக்கு வாய் கிடையாது. எனக்கு இருக்கு. உங்க பக்கத்துல படுத்து எந்திரிக்கிறவ நான். பேர் தெரியாத ஒரு மனுஷன் கண்ணாடி போச்சேன்னு திட்டுனதத்தான் நீங்க நம்புனீங்க."

அவர் ரயில் வரும்வரை தேத்தண்ணியைக் கையிலேயே வைத்திருந்துவிட்டு, கீழே ஊற்றினார். அதைப் பார்த்ததும் என் கோபம் குறையும் என்று நினைத்தேன். ஏறியது. அவர் என்னைச் சந்தேகப்பட்டபோது வந்த கோபத்தைவிட, இப்போது நம்பியபோது வந்த கோபம் பெரிதாக இருந்தது.

அடுத்த சம்பள நாளில் பழைய துரை கப்பலேறிவிட்டிருந்தார். படம் வராந்தாவிலேயே தொங்கியது. நான் வரிசையிலிருந்து விலகிப் போய், ஆணியிலிருந்து சட்டத்தைக் கழற்றி, படிக்கட்டில் ஓங்கி அடித்தேன். கண்ணாடி சிதறியது. என் முகத்தை மட்டும், கட்டைவிரல் அளவுக்குக் கிழித்து எடுத்தேன். மற்றவர்கள் முகத்தில் கை வைக்கவில்லை. அது அவர்களுடையது. கிழித்ததைக் கசக்கி வராந்தாவுக்குக் கீழே ஓடிய சாக்கடையில் போட்டேன். கையில் ரத்தம் வந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

கங்காணி அடிக்க வந்தார். என் புருஷன் குறுக்கே வந்து நின்றார். புதிய துரை எங்கள் கணக்கைத் தீர்த்து, அன்றைக்கே வெளியேறச் சொன்னார். பெட்டியும் பாயும் பிள்ளையுமாக நாங்கள் லயத்தை விட்டு நடந்தபோது வாசலில் நின்ற பெண்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. குற்றம் உள்ளவள்தானே தன் முகத்தைக் கிழிப்பாள் என்றார்கள். அதற்கும் அவர்களிடம் ஒரு அர்த்தம் இருந்தது. நான் நின்று பதில் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒன்று கண்டுபிடிப்பார்கள்.

செடெனாக் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை கிடைக்க இரண்டு மாதம் ஆனது. அதுவரை தெரிந்தவர் ஒருவரின் பின்கட்டில் கிடந்தோம். பட்டினி கிடந்த நாள்களும் உண்டு. அந்த நாள்களில் ஒருமுறைகூட என் புருஷன், உன்னால்தானே என்று சொல்லவில்லை. அதைக் குறித்துக்கொள்ள வேண்டும், குறித்துக்கொள்கிறேன்.

புதிய தோட்டத்தில் சேர்ந்த சில நாளில் பக்கத்து வீட்டுக்காரர், பழைய இடத்தை விட்டு ஏன் வந்தீர்கள் என்று அவரிடம் கேட்டார். நான் உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தேன். துரையோடு தகராறு, கூலி தகராறு என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று நினைத்தேன்.

"எம் பொண்டாட்டி நெசத்தச் சொன்னா. நான் நம்பல. அதனால வந்தோம்," என்றார்.

வடிதட்டை இறக்கி வைத்தேன். அதற்குப் பிறகு அவரோடு முப்பது வருஷத்துக்குமேல் குடித்தனம் செய்தேன், மூன்று பிள்ளைகள் பெற்றேன். என்னிடம் நேராக அவர் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. நான் அந்தக் கோபத்தை முழுக்க விட்டதும் இல்லை. அந்தப் பேச்சைக் கேட்ட அன்று அவருக்குச் சோறு போட்டேன். பல நாளுக்குப் பிறகு முதல்முறையாக, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தேன்.