வண்டி ஏரிக்கரை தாண்டும் வரை

என் சித்தப்பா ஓட்டிக்கொண்டிருந்த லாரி, அவர் போன பிறகு நான்கு வருடம் எங்கள் வீட்டை ஒட்டிய நெற்களத்தின் ஓரத்தில் நின்ற இடத்திலேயே நின்றது. உத்திரமேரூரிலிருந்து மூன்று மைல் தள்ளியிருந்த எங்கள் ஊருக்கு அது ஒன்றுதான் லாரி. செங்கல், வைக்கோல், நெல் மூட்டை, எதுவானாலும் ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு வரைக்கும் போய்வரும். சித்தப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. பத்தே நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு அப்போது ஆறு வயது. வண்டியைத் தொழிலாக ஓட்ட வீட்டில் ஆளில்லை, விற்கவும் யாருக்கும் மனம் வரவில்லை. டயர்களில் காற்று இறங்கி, வண்டி மெல்ல மண்ணில் உட்கார்ந்தது. எஞ்சின் மூடிக்குள் கோழிகள் முட்டையிடத் தொடங்கின.

நான் ஐந்தாம் வகுப்புக்கு வந்த வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேர் அந்த வண்டியின் முன்னால் வந்து நின்றார்கள். ஒருவர் என் நைனா, சித்தப்பாவுக்கு இரண்டு வயது மூத்த அண்ணன். இன்னொருவர் நெல் மில்லில் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்த மில் மாமா. மூன்றாமவர் கடைத்தெருவில் தையல் மிஷின் போட்டிருந்த டைலர் மாமா. சித்தப்பாவோடு சேர்த்து நால்வராக ஏரியில் குதித்து, நால்வராக உதை வாங்கி வளர்ந்தவர்கள். மூடியைத் திறந்து ரொம்ப நேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “சும்மா கயட்டித்தான் பாப்போமே” என்றார் மில் மாமா. அந்தச் சும்மா ஒரு வருடத்துக்கு மேல் நடந்தது.

வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவார்கள். வண்டியை ஓட்டி யாரும் சம்பாதிக்கப் போவதில்லை என்பது ஊருக்கே தெரியும். “பொழுதுபோகலைன்னா சீட்டாடலாம் இல்ல?” என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்டார்கள். அம்மாவுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. “யானை அசஞ்சு தின்னும், வூடு அசையாம தின்னும்னு சொல்லுவாங்க. இந்த வூட்ல லாரியும் சேந்து நின்னுக்கினே தின்னுது” என்பாள். நைனா நட்டைத் திருகிக்கொண்டே இருப்பார். அவர் காதில் விழாத விஷயங்களின் பட்டியல் நீளமானது.

அவர்கள் சித்தப்பாவைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. ஒருநாள் டிரைவர் சீட்டைப் பிரித்தபோது, அதன் அடியில் மடித்து வைத்த ஒரு துண்டு இருந்தது. டைலர் மாமா அதை உதறிப் பார்த்துவிட்டு, மறுபடி அதே மடிப்பில் மடித்து நைனாவிடம் கொடுத்தார். அன்று வேலை அதோடு சரி. மூவரும் களத்து மேட்டில் ஆளுக்கொரு பக்கம் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். ரிப்பேர் பார்க்க வந்தவர்கள் இப்படி வெட்டியாக உட்கார்ந்திருக்கிறார்களே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. வண்டி ஓடினால் முன்சீட்டில் முதல் ஆளாக என்னை உட்கார வைப்பதாக நைனா வாக்குக் கொடுத்திருந்தார்.

சித்தி எங்களோடுதான் இருந்தாள். குழந்தை இல்லை. பிறந்த வீட்டில் கூப்பிட்டும் போகவில்லை. கணவனின் அண்ணன் முன்னால் வந்து நிற்பதும் நேருக்கு நேர் பேசுவதும் எங்கள் வீடுகளில் வழக்கமில்லை. அதனால் நைனாவுக்கும் சித்திக்கும் நடுவில் தபால்காரி நான்தான். ஸ்பேனர் வேண்டும் என்றால் நைனா என்னிடம் சொல்வார், நான் சித்தியிடம் ஓடுவேன். சித்தப்பாவின் சாமான்கள் எந்தப் பெட்டியில், எந்தச் சாக்கில் இருக்கின்றன என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொன்றையும் முந்தானையில் துடைத்துத்தான் கொடுப்பாள். தானாக வண்டிப் பக்கம் வரமாட்டாள். ஆனால் வாரநாட்களில், ஆண்கள் இல்லாதபோது, அதன்மேல் ஏறும் கோழியை விரட்ட அவள் எங்கிருந்தாலும் வந்துவிடுவாள்.

எல்லாம் பூட்டி முடித்து, பாட்டரியும் மாட்டிய பிறகு ஒரு சிக்கல் வந்தது. எஞ்சின் பிடிக்கும், நாலு தடவை இருமும், நின்றுவிடும். டீசல் பைப்புக்குள் எங்கிருந்தோ காற்று புகுகிறது என்றார் மில் மாமா. காற்றை எடுத்தார்கள். மறுபடி புகுந்தது. மூன்று ஞாயிறு இப்படியே போனது. மூன்றாவது ஞாயிறு நைனா ஸ்பேனரைத் தூக்கி வைக்கோல் போரில் எறிந்தார். மில் மாமா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

தண்ணீர் கொண்டுபோக உள்ளே வந்த என்னிடம் சித்தி கேட்டாள். அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாவாம்?”

“ஸ்டார்ட் ஆவுது, ஒடனே நின்னுடுது சித்தி. காத்து எங்க பூருதுன்னு தெரியலையாம்.”

அவள் கையை நிறுத்தாமலே சொன்னாள்: “டாங்கிலேர்ந்து வர பைப்பு வளையற எடத்துல, அடிப்பக்கமா வெரல வெச்சுத் தடவச் சொல்லு. தலமயிரு கனத்துல ஒரு கீறல் கீது. உங்க சித்தப்பா அதுல துணி சோப்ப அழுத்தித் தேச்சு, மேல துணிய சுத்தி வெச்சிக்கினு இருந்தாரு. அந்த சோப்பு காஞ்சு வுந்திருக்கும்.”

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“சோப்ப நான்தான குடுத்தேன்.”

நானே கண்டுபிடித்ததுபோல ஓடிப்போய்ச் சொன்னேன். நைனா வண்டிக்கு அடியில் படுத்து விரலால் தடவினார். வெளியே வந்ததும் ஒருமுறை வீட்டுப் பக்கம் பார்த்தார். யார் சொன்னது என்று கேட்கவில்லை. சோப்பை அப்பித் துணியைச் சுற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தார்கள். கரும்புகை களம் முழுக்கப் பரவியது, கோழிகள் சிதறின. மில் மாமா அழுதார். வெற்றியில் யாராவது அழுவார்களா என்று நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த நேரம் முழுக்க, உள்ளே அம்மிச் சத்தம் கேட்கவில்லை.

தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வண்டியைக் கிளப்புவதென்று நாள் பார்த்தார்கள். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டறையில் காட்டி, மிச்ச வேலையையும் முடித்துக்கொண்டு சாயங்காலம் திரும்புவதாக ஏற்பாடு. இரண்டு ராத்திரி விளக்கு வைத்துக் கிளிப்பச்சைப் பெயின்ட் அடித்து, தூசி படாமலிருக்கக் கிளப்பும் நேரம் வரை தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். முன்நெற்றிப் பலகையில் மங்கிப்போயிருந்த பெயரை டைலர் மாமா துணியில் கோடு போடும் தன் சாக்குக் கட்டியால் வரைந்து, அதன்மேல் புதிதாக எழுதினார். சக்கரங்களுக்கு முன்னால் நான்கு எலுமிச்சம்பழம், உடைக்க ஒரு பூசணிக்காய், சாமந்தி மாலை. ஊரே களத்தில் கூடியிருந்தது. நான் விடியற்காலையிலேயே தலை பின்னி, பொங்கலுக்கு எடுத்த பாவாடையைக் கட்டித் தயாராக நின்றேன்.

நைனா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“பாப்பா, சித்தி உள்ள கீதா?”

“ம்.”

“வண்டி ஏரிக்கரை தாண்டற வரிக்கும் நீ அதுங்கூடவே இரு. எதிர்ல வந்துடாம பாத்துக்க.” பழந்துணியைக் கீழே போட்டுவிட்டு, “உங்கம்மா காலைலேர்ந்து ஒரே பேஜாரு பண்றா” என்றார்.

புது வண்டி கிளம்பும்போது தாலியிழந்தவள் எதிரே வரக்கூடாது. பதினோரு வயதில் இது எனக்கும் தெரியும். இதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, தானாகத் தெரிந்துவிடுகிறது. நைனா திருநீறு பூசாதவர், சகுனம் பார்க்கிறவர்களைக் கிண்டல் செய்கிறவர். அவர் ஒரு வார்த்தை முடியாது என்றிருந்தால் அந்தப் பேச்சு அதோடு முடிந்திருக்கும். இன்றைக்கு இதை எழுதும்போது அவர்மேல் கோபம் வருகிறது. அன்றைக்கு வந்த கோபம் வேறு. முன்சீட்டு போய்விட்டதே என்ற கோபம்.

உள் அறையில் சித்தி குளித்து, துவைத்து மடித்த புடவை கட்டி, ஜன்னல் ஓரம் நின்றிருந்தாள். அந்த ஜன்னலிலிருந்து களம் நன்றாகத் தெரியும். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, அதில் முதுகைச் சாய்த்து நின்றேன். எதற்கு வந்திருக்கிறேன் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

“நான் எங்க கண்ணு எதிர்ல வரப் போறேன். இங்கேர்ந்தே பாத்துக்கறேன்.”

“கூடாது” என்றேன்.

“ஜன்னல்லேர்ந்து கூடவா?”

“கூடாது.”

“யாரு சொன்னது?”

“நைனாதான்.”

ஏன் அப்படிச் சொன்னேன்? பல வருடம் யோசித்திருக்கிறேன். எனக்கு ஒரு அதிகாரம் கிடைத்திருந்தது. முன்சீட்டு இல்லையென்று ஆனபின், கிடைத்ததை முழுதாக அனுபவிக்க நினைத்தேன் போலிருக்கிறது. இதைவிட நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

சித்தி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கையை எடுத்துவிட்டு வந்து, களத்துக்கு முதுகைக் காட்டிப் பாயில் உட்கார்ந்தாள். “சரி, நீ பாத்துச் சொல்லு” என்றாள்.

களத்தில் தார்ப்பாயை இழுத்துவிட்டு மாலை போட்டார்கள். டிரங்குப் பெட்டிமேல் ஏறி நின்று நான் சொல்லத் தொடங்கினேன்.

“இன்னா கலரு?”

“பச்சை. கிளிப்பச்சை.”

“முன்ன நீலம்” என்றாள். “மேல பேரு எய்தி கீதா?”

“எய்தி கீது. மஞ்சள்ல செவப்பு எழுத்து.”

“யாரு பேரு?”

பெரியவர்கள் பேரை வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்று எனக்குக் கற்பித்திருந்தார்கள். அதனால், “உன் பேருதான் சித்தி” என்றேன். “மாலை கொஞ்சம் மறைக்குது. ஆனா படிக்கலாம்.”

அவள் பாயில் பிரிந்திருந்த கோரை ஒன்றைத் திரும்பத் திரும்ப உள்ளே செருகினாள்.

பூசணிக்காய் உடைந்தது. எஞ்சின் சத்தம் எழுந்தது. “ஒரே தபாவுல எடுத்துக்கிச்சு” என்றாள். எலுமிச்சம்பழங்கள் நசுங்கி வண்டி நகர்ந்தது. ஜனங்கள் கத்தினார்கள். மில் மாமா ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தார், நைனாவும் டைலர் மாமாவும் பின்னால் நின்றிருந்தார்கள். “செகண்டு போட்டுட்டாரு. கொஞ்சம் அவசரப்பட்டுட்டாரு” என்றாள் சித்தி. தெருமுனை திரும்பியதும் எனக்கு வண்டி தெரியவில்லை. அவளுக்கு மட்டும் தெரிந்துகொண்டே இருந்தது. “இப்ப கோயில் மேடு ஏறுது… இப்ப மதகாண்ட போவுது…” என்று சொல்லிக்கொண்டே வந்தவள், பிறகு நிறுத்திவிட்டாள்.

“ஏரிக்கரை தாண்டியிருக்கும். நீ இப்ப வெளிய வரலாம் சித்தி” என்று உத்தரவு கொடுத்தேன். அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய், களத்தில் சிதறிக்கிடந்த பூசணிக்காயையும் பூவையும் கூட்டி அள்ளினாள்.

சாயங்காலம் மூவரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். வண்டி வரவில்லை. எஞ்சினில் ஒரு குறையும் இல்லையாம். அடிச்சட்டத்தில், பெயின்ட்டுக்குக் கீழே, குறுக்காக ஒரு விரிசல். லோடு ஏற்றினால் நடுரோட்டில் மடங்கிவிடும், வெல்டிங் வைத்தாலும் நிற்காது என்று பட்டறைக்காரர் சொல்லிவிட்டார். நைனா இரண்டு வாரம் காஞ்சிபுரத்துக்கு நடையாய் நடந்தார். கடைசியில் அங்கேயே பிரித்து, பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். அந்த வண்டி கிளிப்பச்சையில் ஓடுவதைச் சித்தி பார்க்கவேயில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை. செய்ய வேலை இல்லாததால் நைனா மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தார். பக்கத்தில் நான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சித்தி அடுப்படியில் இருந்தாள். அம்மா மோர் ஊற்றிக்கொண்டே, யாரிடம் என்றில்லாமல், “அன்னிக்கு யாரு எதிர்ல வந்தாங்களோ, யாரு கண்ணு பட்டுதோ” என்று சொல்லிவிட்டு அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சித்திமேல் பழி விழுகிறதே என்பது பாதி, என் காவலையே சந்தேகப்படுகிறார்களே என்பது மீதி.

“சித்தி எதிர்ல வரவே இல்ல! ஜன்னல்லேர்ந்து கூட பாக்கல. நான்தான் வுடலையே! திரும்பி உக்கார வெச்சிட்டேன்!”

நைனாவின் கை சோற்றில் அப்படியே நின்றது.

“ஜன்னல்லேர்ந்து பாக்கக் கூடாதுன்னு நான் எப்பம்மா சொன்னேன்?” என்றார். குரலை உயர்த்தவில்லை. பொய் சொன்னால் எங்கள் வீட்டில் புளியமிளாறு அடிதான்.

அடுப்படி வாசலில் சித்தி வந்து நின்றாள். தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். நான் பிறந்ததிலிருந்து அவள் நைனாவோடு நேராகப் பேசிக் கேட்டதில்லை. அன்று பேசினாள்.

“கொயந்தயக் கேக்காதீங்க. எதிர்ல வராதன்னு நீங்க சொல்லி வுட்டீங்க, பாக்காதன்னு அது சொல்லிச்சு. ரெண்டுக்கும் இன்னா பெரிய வித்தியாசம்.”

சண்டை போடுகிற குரல் இல்லை அது. நிஜமாகவே கேட்பதுபோல்தான் இருந்தது. அம்மா மோர்ச்செம்பைக் கீழே வைத்தாள். நைனா தலையைத் தூக்கவில்லை. தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து, செருப்புகூடப் போடாமல் களத்துக்குப் போனார்.

சித்தி என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள். அடி விழவில்லை என்ற நிம்மதியில் நான் நன்றாகச் சாப்பிட்டேன். காவலை ஒழுங்காகச் செய்ததற்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று மட்டும் மனதில் சின்னதாக ஒரு குறை இருந்தது.