ஷரீஃப் போடாத கையெழுத்து

முஹம்மது ஷரீஃபைப் பிடிக்காதவர்கள் குளச்சலில் நிறைய உண்டு. அவர் யாரையும் ஏமாற்றியவர் இல்லை, யார் சொத்துக்கும் போனவரும் இல்லை. வீடு கட்டியபோது கொத்தனார் எழுப்பிய சுவரைத் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, சாய்வு இருக்கிறதென்று இரண்டு முறை இடிக்க வைத்தார். மூன்றாவது முறை கொத்தனார் சாந்துச் சட்டியை அவர் காலடியில் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார். மச்சினி கல்யாணத்தில், பிரியாணி விளம்பும் நேரத்தில், மேசை ஆடுகிறதென்று பத்துப் பேரை எழுப்பி நிற்க வைத்து, மேசைக் காலுக்கு அட்டை மடித்துக் கொடுத்தார். "சரியில்லேன்னா சரியில்லேன்னுதான் சொல்ல முடியும்" என்பார். அதைச் சொல்லும்போது முகத்தில் சிரிப்பும் இருக்காது.

படித்தது பத்தாம் வகுப்பு. குளச்சல் துறைமுகத்தில் விசைப்படகு எஞ்சின்களைப் பிரித்துச் சேர்த்துக் கைப்பழக்கம் வந்தது. இருபத்தாறு வயதில் வளைகுடாவில் ஒரு டிரை டாக்குக்கு ஃபிட்டராகப் போனார். டிரை டாக் என்பது கப்பல்களைப் பழுது பார்க்கும் பெரிய பள்ளம். கப்பல் உள்ளே வந்ததும் கதவை அடைத்துத் தண்ணீரை இறைத்துவிடுவார்கள். கப்பல் மரக்கட்டைகளின் மேல் உட்கார்ந்துவிடும். கப்பலின் அடிவயிற்றில் நடந்துகொண்டே பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தார். கப்பலை உந்தித் தள்ளும் தண்டு, தண்டின் நுனியிலிருக்கும் விசிறி, தண்டு கப்பலிலிருந்து வெளியே வருகிற இடத்தில் கடல்நீர் நுழையாமல் காக்கிற சீல், இவைதான் அவர் உலகம்.

அங்கே ரஹீமைச் சேர்த்துவிட்டதும் அவர்தான். ரஹீம் அவர் தங்கை ரஸீனாவின் கணவன். நல்ல இங்கிலீஷ், நல்ல சிரிப்பு, யாரிடம் எந்த நேரத்தில் என்ன பேச வேண்டும் என்கிற கணக்கு. எட்டு வருஷத்தில் அவன் ஃபோர்மன் ஆனான். ஷரீஃப் ஃபிட்டராகவே இருந்தார். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும்போது மற்றவர்களைப் பெயர் சொல்லி அழைக்கிற ரஹீம், ஷரீஃபிடம் காகிதத்தை நீட்டுவதோடு சரி. அவரும் அவனைப் பார்க்காமல் வாங்கிக்கொள்வார்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய மார்ச் மாதம் அந்த உல்லாசக் கப்பல் வந்தது. ஒன்பது அடுக்கு, மேல்தட்டில் நீச்சல் குளமும் சறுக்கு மரமும். ஆயிரத்து நூறு பயணிகள் ஏறுகிற கப்பல், ஒரு தீவுக்குப் பக்கத்தில் பாறையில் உரசியிருந்தது. தண்ணீரை இறைத்த பிறகு கீழே இறங்கிப் பார்த்தார்கள். இடப்பக்கத்து அடித்தகடு பதினான்கு மீட்டருக்குக் கிழிந்து உள்ளே மடங்கிக் கிடந்தது. அந்தப் பக்கத்து விசிறியின் இரண்டு இதழ்கள் வாழை இலை மாதிரி வளைந்திருந்தன. விசிறிக்கும் கப்பலுக்கும் இடையிலிருந்த சந்தில் ஏதோ பச்சையாகச் சுற்றியிருந்தது.

கயிறு கட்டுகிற முட்டத்துக்காரன் ஜஸ்டஸ் அதில் ஒரு முனையைப் பிய்த்து எடுத்தான். கடலுக்குப் போய்ப் பழகியவன் அவன்.

"ஷரீஃபண்ணே, இது வலையாக்கும். நம்ம கடப்புறத்துல போடுகது மாதிரியேதான் இருக்கு. எவனுக்க பொழப்போ இதுக்குள்ள சுத்திக் கெடக்கு."

இரண்டு நாள் அறுத்து எடுத்தார்கள். நைலான் உருகி, இறுகி, கல் மாதிரி ஆகியிருந்தது. சீல் முழுக்க நாசம். சீல் என்பது ரப்பர் வளையம்; புதிதாகப் போட்டுவிடலாம். ஆனால் அந்த ரப்பர் உராய்ந்து ஓடுவது லைனர் என்கிற எஃகு உறையின் மேல். லைனரைத் துடைத்துவிட்டு ஷரீஃப் நகத்தை ஓட்டினார். ஓர் இடத்தில் நகம் இடறி நின்றது. அளவுமானியை வைத்துப் பார்த்தார். பள்ளம் அரை மில்லிமீட்டருக்கு மேல். தாங்கக்கூடியது அதில் பாதிகூட இல்லை.

ஃபோர்மன் மேலே ஆபீசில் இருந்தான். ஷரீஃப் அளவுமானியோடு சேர்த்து லைனரைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கூடவே பேசியும் அனுப்பினார்.

"ரஹீமே, லைனர் போச்சு. அரைக்கு மேல குழி விழுந்துருக்கு. கழத்தி லேத்துல கடையணும். மூணு நாள் வேணும். இப்படியே சீல் போட்டா எண்ணெ வெளிய போவும், கடத்தண்ணி உள்ள வரும். நான் ரிப்போர்ட்டுல கையெழுத்து போடமாட்டேன்."

கொஞ்ச நேரத்தில் ரஹீமின் குரல் வந்தது. "மச்சான், நீங்க கையெழுத்து போடாண்டாம். அத நான் பாத்துக்கிடுகேன். தேச்சு மினுக்கிட்டு சீல போடுங்க. சனிக்கெழம கப்பல் எறங்கணும். ஒங்க ஃபிட்டர் வேலைய மட்டும் பாருங்க."

ஷரீஃப் சீலைப் போடவில்லை. ஸ்பானர்களைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

ரஹீம் இறங்கி வந்தான். கூடவே கப்பல் முதலாளியின் பிரதிநிதி, வெள்ளைக்காரர், வெயிலில் முகம் சிவந்து. சனிக்கிழமைக்கு எல்லா அறைகளும் விற்றாகிவிட்டது என்றும், ஒரு ஃபிட்டருக்காகக் கப்பல் காத்திருக்காது என்றும் அவர் கத்தினார். ரஹீம் அவரைச் சமாதானப்படுத்திவிட்டு ஷரீஃப் பக்கம் திரும்பினான். சுற்றிலும் இருபது பேர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆளுக முன்னால என்ன நாறடிக்கணும்னே நிக்கிறீங்களா மச்சான்?"

"நான் நாறடிக்கல. லைனர்தான் நாறிக் கெடக்கு."

"நீங்க இங்க ஃபோர்மன் இல்ல. அது ஒங்களால தாங்க முடியல. அதாக்கும் விசயம்."

ஷரீஃப் எழுந்தார். "ஒன்ன இங்க கொண்டு வந்தது எனக்க தப்பு. அத இன்னைக்குத்தான் அளந்து பாத்தேன்."

அன்று மத்தியானமே அவரை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டு, அடுத்த டாக்கில் ஒரு சரக்குக் கப்பல் கடல்நீரை உள்ளிழுக்கும் வாய்களின் கம்பித் தடுப்புகளில் சிப்பி சுரண்ட அனுப்பினார்கள். கைத்தொழில் இல்லாதவர்கள் செய்கிற வேலை. இரண்டு நாள் சுரண்டினார். சனிக்கிழமை காலை பள்ளத்தில் தண்ணீர் விட்டதையும், வெள்ளைக் கப்பல் பின்வாக்கில் வெளியேறியதையும் சுரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்தார். ஜஸ்டஸ் வந்து, வேறொரு ஆளை வைத்து லைனரைத் தேய்த்து சீல் மாட்டிவிட்டார்கள் என்று சொன்னான். ஷரீஃப் காறித் துப்பிவிட்டுத் திரும்பவும் சிப்பியைச் சுரண்டினார்.

ஏப்ரல் கடைசியில் அவர் ஒப்பந்தம் முடிந்தது. பத்தொன்பது வருஷமாகத் தானாக நீண்டுகொண்டிருந்தது அந்த முறை நீளவில்லை. யார் தடுத்தது என்று அவர் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. ஊருக்கு வந்தார்.

மே மாத நடுவில் அந்தக் கப்பல் நடுப்பயணத்தில் நின்றது. ஒரு துறைமுகத்தில் அதைச் சுற்றி எண்ணெய் மிதப்பதைப் பார்த்து அதிகாரிகள் மறித்தார்கள். உள்ளே கடல்நீர் புகுந்து, தண்டைத் தாங்குகிற பேரிங் உருகியிருந்தது. அத்தனை பயணிகளையும் இறக்கி விமானத்தில் அனுப்ப வேண்டியதாயிற்று. கப்பல்காரர்கள் டிரை டாக்கைப் பிடித்தார்கள். டிரை டாக் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டியது. அதில் லைனரில் பள்ளமே இல்லை என்று ஒரு அளவு எழுதியிருந்தது. அளந்தவர் என்ற இடத்தில் பெயர், முஹம்மது ஷரீஃப். கீழே கையெழுத்து.

வேலைக்கு ஆள் அனுப்புகிற குமாரதாசுக்கு நாகர்கோவில் வடசேரியில் ஆபீஸ். அவர்தான் போன் செய்து விஷயத்தைச் சொன்னார். திங்கட்கிழமை காலை வீடியோவில் விசாரணை, கட்டாயம் வர வேண்டும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரஸீனா வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. ஷரீஃபின் மனைவி ஷாஜிதா பேகம் கொடுத்த தேயிலைத் தண்ணீரையும் தொடவில்லை.

"காக்கா, அந்தக் கையெழுத்து ஒங்களுக்கதுன்னு சொல்லிருங்க" என்றாள் அண்ணனிடம்.

ஷரீஃபுக்கு முதலில் புரியவில்லை. "எதுக்கு?"

"நீங்க வேலய விட்டு வந்தாச்சு. ஒங்கள இனி என்ன செய்ய முடியும்? தப்பா அளந்துட்டேன், வயசாச்சு, கண்ணு தெரியலன்னு ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சு போச்சு. அவருக்கு வேல இருக்கு. எனக்க மக இர்ஷாதாவுக்கு தேங்காப்பட்டணத்துல மாப்பிள பேசி வச்சிருக்கு. அவங்க இவருக்க வேலயப் பாத்துத்தான் சம்மதிச்சாங்க."

"எனக்க பேர அவன் எழுதிப் போட்டுருக்கான் ரஸீனா."

"ஒங்க பேரு என்ன பெரிய பேரு? ஊருல ஒருத்தருக்கு ஒங்களப் பிடிக்குமா? மைனிகிட்ட கேளுங்க, இந்த வீட்டுக்கு யாராவது வந்து போறாங்களான்னு."

ஷாஜிதா அடுக்களை வாசலில் நின்றாள். ஷரீஃப் எழுந்து கதவைத் திறந்து பிடித்தார்.

"போ. நாளைக்கி உள்ளதச் சொல்லுவேன்."

"சொல்லுங்க" என்றாள் ரஸீனா. "சொல்லிட்டு, தங்கச்சின்னு ஒருத்தி உண்டுன்னு நினைக்காண்டாம்."

மறுநாள் காலை குமாரதாசின் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். திரையில் மூன்று கட்டங்கள். ஒன்றில் கப்பலின் இன்சூரன்சுக்காக விசாரிக்கிற பெண் அதிகாரி. ஒன்றில் டிரை டாக் மேலாளர். மூன்றாவதில் ரஹீம், இஸ்திரி போட்ட சட்டையோடு. குமாரதாஸ் மொழிபெயர்த்தார்.

ரஹீம் முந்திக்கொண்டான். ஷரீஃப் அனுபவசாலிதான், ஆனால் கொஞ்ச காலமாகக் கவனக்குறைவு இருந்தது, சொந்தக்காரர் என்பதால் தான் மேலே சொல்லாமல் மறைத்துவிட்டதாக வருத்தத்தோடு சொன்னான். அவன் குரலில் அந்த வருத்தம் எவ்வளவு பொருத்தமாக இருந்தது என்பதை ஷரீஃப் பிற்பாடு பல பேரிடம் சொல்லியிருக்கிறார்.

அதிகாரி கேட்டார், இது உங்கள் கையெழுத்தா என்று.

"இல்ல" என்றார் ஷரீஃப். "அந்தத் தேதியில நான் அடுத்த டாக்குல சிப்பி சுரண்டிட்டு இருந்தேன். கேட்டுல அட்டை தேய்ச்சது இருக்கும், பாக்கச் சொல்லுங்க."

பிறகு போனை எடுத்தார். முதலில் படத்தைக் காட்டினார். படத்தின் மேல் தேதியும் நேரமும் இருந்தன. அடுத்து தன் குரலைப் போட்டார். குமாரதாஸ் ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் சொன்னார். அதற்கு அடுத்து ரஹீமின் குரல். 'நீங்க கையெழுத்து போடாண்டாம்' என்கிற இடம் வந்தபோது குமாரதாஸ் திரையிலிருந்த ரஹீமை ஒருமுறை பார்த்துவிட்டு மொழிபெயர்த்தார். ரஹீம் கையை நீட்டித் தன் பக்கத்துக் கேமராவை அணைத்தான்.

"இன்னொருக்கா போடட்டா?" என்று கேட்டார் ஷரீஃப். வேண்டாம், புரிந்துவிட்டது என்றார் அதிகாரி. ஷரீஃப் இன்னொரு முறை போட்டார்.

மூன்று வாரத்தில் ரஹீமை வேலையை விட்டு அனுப்பினார்கள். ஷரீஃபைத் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று குமாரதாஸ் சொல்லியிருந்தார். யாரும் கூப்பிடவில்லை. பத்தொன்பது வருஷம் வேலை செய்த இடத்திலிருந்து ஒரு வருத்தக் கடிதம்கூட வரவில்லை. தேங்காப்பட்டணத்து மாப்பிள்ளை வீட்டார் பேச்சை முறித்துக்கொண்டார்கள். ஊரில் குற்றம் ஷரீஃபின் தலையில்தான் விழுந்தது. தங்கை வீட்டு அடுப்பில் தண்ணீர் ஊற்றியவன் என்று பேசினார்கள். பள்ளிவாசலில் அவர் பக்கத்தில் இடம் காலியாக இருந்தாலும் இரண்டு பேர் தள்ளிப்போய் நின்றார்கள்.

ரஹீம் ஊருக்கு வந்து இறங்கிய அன்று ஷாஜிதா ஒரு பாத்திரத்தில் இறைச்சியும் அரிசிப் பத்திரியும் எடுத்துக்கொண்டு ரஸீனா வீட்டுக்குப் போனாள். போகிறேன் என்று கணவனிடம் சொல்லவில்லை. அரைமணி நேரத்தில் பாத்திரம் அப்படியே இருக்கத் திரும்பினாள். கதவைத் திறக்கவில்லையாம். ஜன்னல் வழியாக ரஸீனா, "ஒனக்க மாப்பிள தின்னட்டும்" என்று சொன்னாளாம்.

பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு ஷாஜிதா கேட்டாள்.

"கேமரா அணைஞ்ச பொறகும் ரெண்டாந்தடவ போட்டீங்களாமே. குமாரதாஸ் பொண்டாட்டி சொன்னா."

"ஆமா."

"எதுக்கு?"

ஷரீஃப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்தார்.

"உள்ளதச் சொல்லணும், சொன்னீங்க. ஞாயம். நான் ஒரு வார்த்த தடுத்தேனா? ரெண்டாந்தடவ எதுக்கு போட்டீங்க? சந்தோசமா இருந்துச்சா?"

அவர் மூடியைத் திரும்ப வைத்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஆள்.

"இருந்துச்சு" என்றார். "பத்தொம்பது வருசத்துல அவ்வளவு சந்தோசம் எனக்கு வந்ததில்ல."

ஷாஜிதா அவரைப் பார்த்தபடி நின்றாள். அந்த மனிதருக்கு வாழ்க்கைப்பட்டு இருபது வருஷம் ஆகிறது. அந்த முகத்தை அன்றைக்குத்தான் முதல்முறை பார்க்கிறவள் மாதிரிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அந்த வாரம் முழுக்கச் சோறு மேசைக்கு வந்தது, பேச்சு வரவில்லை.

இப்போது ஷரீஃப் முட்டத்தில் ஒரு படகுக் கொட்டகையில் வேலை செய்கிறார். வாய் கெட்டது, வேலை கெட்டதில்லை என்று சொல்லிக்கொண்டே படகுக்காரர்கள் அவரிடம் வருகிறார்கள். ரஹீம் வெட்டூர்ணிமடத்தில் ஒரு உதிரிப்பாகக் கடையில் நிற்கிறான். இருவரும் ஒருமுறை பஸ்ஸில் எதிரெதிரே மாட்டிக்கொண்டபோது ரஹீம், "செத்தாலும் ஒனக்க முகத்துல முழிக்க வரமாட்டேன்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். ஷரீஃப், "நல்லது" என்றார்.

இர்ஷாதாவுக்குப் போன மாதம் கோட்டாறில் நிக்காஹ் நடந்தது. அழைப்பிதழின் உறையில் ஷாஜிதா பேகம் என்று மட்டும் எழுதியிருந்தது. அவள் பச்சைப் புடவை உடுத்திக் காலையிலேயே தனியாகப் பஸ் ஏறினாள். ஷரீஃப் அவளை நிறுத்தம் வரை கொண்டு விடவும் இல்லை, போகாதே என்று சொல்லவும் இல்லை. சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். அன்று ஒரு படகின் தண்டை மாட்ட வேண்டியிருந்தது. சாயங்காலம் வரை அதன் அடியிலேயே கிடந்தார்.