ஐயாயிரம் மீட்டரில் ஒரு முடிச்சு

எங்கள் கடற்கரை ஊர் எத்தாளையிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வான் கூலி இருபத்தையாயிரம் ரூபா. ஏறும்போது என் தங்கை ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "இவரக் கூட்டிப் போற மாதிரியே கூட்டி வாங்க நானா." இவர் என்றால் அவள் கணவர் நாசர், என் மச்சான். முதலில் மூச்சடக்கிச் சங்கு குளித்தவர். இப்போது கடலட்டைக்குச் சிலிண்டர் கட்டி இறங்குகிறார். கடலின் அடியைப் பார்த்தாயிற்று, இனி ஒரு மலையின் உச்சியைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு வருடம் காசு சேர்த்தார். நான் துணைக்குப் போனவன்.

காத்மாண்டுவிலிருந்து சின்ன விமானத்தில் லுக்லா. அங்கிருந்து ஒன்பது நாள் நடை. எங்கள் மலை ஐலண்ட் பீக், 6,189 மீட்டர். தீவு என்ற பெயரைக் கேட்டுத்தான் மச்சான் அதைத் தெரிந்தெடுத்தார் என்று வழியெல்லாம் அவரைச் சீண்டினேன். பத்தாம் நாள் 5,087 மீட்டரில் கூடாரம் போட்டோம்.

காலை ஆறு மணிக்குச் சமையற்காரர் பனிக்கட்டியை உடைத்து உருக்குவார். குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீர்தான். தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவும் வுளூவுக்கு அதில் பங்கு கேட்க மனம் வராமல், கல்லைத் தொட்டுத் தயம்மும் செய்து தொழுதோம். ஆறரைக்குப் பிளேன்டீ. ஏழு மணிக்கு வழிகாட்டி பெம்பா, விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவியோடு வருவார். அவரும் என்னைப் போல கட்டாரில் வேலை செய்தவர். அங்கே பழகிய ஓட்டை ஹிந்தியில் இருவரும் கதைத்துக்கொண்டோம்.

மச்சானின் எண் தினமும் நன்றாகவே இருந்தது. காரணம் எனக்குத் தெரியும். பெம்பாவின் காலடி கேட்டதும், சங்குக்குக் குதிக்குமுன் இழுக்கிற நெடிய மூச்சை ஏழெட்டுத் தடவை இழுத்துவிட்டுத்தான் விரலை நீட்டுவார். எனக்குச் சிரிப்பு. எங்கள் படகுகளில் தலையிடி என்று சொன்னவரை அன்றைக்குக் கடலில் இறக்க மாட்டார்கள், கூலியும் போய்விடும். அதனால் ஒருவரும் சொல்வதில்லை. அந்தப் பழக்கத்தை மலைக்கும் கொண்டுவந்துவிட்டார் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

உச்சிக்குப் புறப்பட ஒரு நாள் இருந்தது. பகல் பதினொரு மணி. காற்றில் கூடாரக் கயிறு ஒன்று அவிழ, மச்சான் முடிச்சுப் போடக் குனிந்தார். கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடுகிற கை அது. கயிற்றைச் சுற்றினார், விட்டார், மறுபடி சுற்றினார். ஐந்து நிமிடமாகியும் முடிச்சு விழவில்லை. பிறகு கயிற்றின் நுனியைப் பார்த்தபடியே இருந்தார்.

ஓடிப்போய்ப் பெம்பாவிடம் அந்த மூச்சுக் கள்ளத்தைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தகும். இந்தத் தடவை கருவி அறுபத்தெட்டுக் காட்டியது. மூளை வீங்கத் தொடங்கியிருக்கும், இப்போதே இறக்க வேண்டும், சுணங்கினால் ஆள் மிஞ்சாது என்றார்.

மச்சான் அசையவில்லை. "எனக்கி ஒண்ணுமில்ல. நாளைக்கி மேல போய்ட்டுத்தான் எறங்குவேன்." நாக்குக் குழறியது. கெஞ்சினேன், ஏசினேன், தங்கையின் பேரைச் சொன்னேன். எதுவும் காதில் ஏறவில்லை. மேகம் வேறு பள்ளத்தாக்கை மூடிக்கொண்டு வந்தது. அப்போது பயந்தது போல் நான் ஒருநாளும் பயந்ததில்லை.

கடைசியில் கேட்டேன்: "மச்சான், கடலடியில இரிந்து கெதியா, அவசரப்பட்டு மேல வந்து, கை கால் விளங்காமப் போனவன என்ன செய்வீங்க?"

கையிலிருந்த கயிற்றை விட்டார். "திரும்பக் கீழ எறக்குவோம்."

"அப்ப எறங்குங்க."

எழுந்தார். பெம்பா மாத்திரை ஒன்றை விழுங்க வைத்தார். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தாங்க, மூன்றரை மணி நேரத்தில் சுக்குங் ஊர், 4,730 மீட்டர். அங்கே ஒரு பிளாஸ்க் சுடுதண்ணீர் எண்ணூறு நேபாள ரூபா, நம் காசில் ஆயிரத்தெழுநூற்றுக்கு மேல். முழுவதையும் குடித்தார். மறுநாள் இன்னும் கீழே, திங்போச்சேயில், சப்பாத்துக் கயிற்றைத் தானே முடிந்தார். அதைப் பார்த்து நான் அழுதேன்.

எத்தாளையில் எங்கள் முற்றம் கடலுக்கு மேல் ஓர் ஆள் உயரம்கூட இராது. திரும்பி வந்த மூன்றாம் வாரம் கடலட்டைக்குப் படகு போனது, நானும் ஏறிக்கொண்டேன். சிலிண்டரைத் தூக்கிய மச்சான் அதைத் திரும்பக் கீழே வைத்தார்.

"இண்டைக்கி தலையிடி. நான் எறங்கல்ல."

யாரும் சிரிக்கவில்லை. படகின் முன் அணியத்தில் இருந்த இன்னொருவர் தனக்கும் நேற்றிலிருந்து தலையிடிதான் என்றார்.